நம் நேரம், நம் கூட்டாளிகள்: மலையகத்தில் அன்றாட வேலைகளை ஒழுங்குபடுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

நேர முகாமைத்துவம் பற்றி வரும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, ஒரு மேசையும் கதவு சாத்திய ஓர் அறையும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே பேசத் தொடங்குகின்றன. தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளில் ஒன்றான பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் தம்பி சத்தமாகப் பாடம் ஒப்பிக்கிறான், அப்பா வானொலி கேட்கிறார், அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறது. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அந்த அறிவுரைகள் பொருந்துவதில்லை. பொருந்தாதபோது பிள்ளை அறிவுரையைக் குறை சொல்வதில்லை. தன்னையே சோம்பேறி என்று நினைத்துக்கொள்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் ஒருவருடைய நாளைப் பல கைகள் வெட்டுகின்றன. பிரட்டுக்கு (தோட்ட வேலைக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகும் நேரம் ஒரு வெட்டு, பஸ் ஒரு வெட்டு, குழாயில் தண்ணீர் வரும் நேரம் ஒரு வெட்டு, மழை இன்னொரு வெட்டு. கடைசியில் மிஞ்சுவது பத்து நிமிடமும் கால் மணிநேரமுமான துண்டுகள். அந்தத் துண்டுகளைத் தனி ஆளாகக் காப்பாற்றுவது கடினம். அதே நிலையில் இருக்கும் நாலைந்து பேர் தொலைபேசி வழியாகவாவது சேர்ந்துகொண்டால் காப்பாற்ற முடியும். தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் எனக்கு, படிப்பை முடித்து வேலைக்குப் போன பழைய மாணவர்கள் அமைத்துக்கொண்ட சிறு குழுக்களைக் கவனித்து வந்ததில் உறுதிப்பட்ட உண்மை இது. அவர்கள் செய்தவற்றையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஒரு வாரம் நடந்ததை எழுதுங்கள்

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். செயலி எதுவும் தேவையில்லை. பக்கத்தின் இடப்புறம் நேரம், வலப்புறம் நடந்தது. செய்ய நினைத்ததை எழுதாதீர்கள். உண்மையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். மத்தியானம் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை எழுதினால் மறந்துபோகாது. இந்த வாரத்தில் எதையும் திருத்தவும் முயல வேண்டாம்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து ஹட்டனுக்கு வந்து புடவைக் கடையில் வேலை செய்துகொண்டே வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு பழைய மாணவியின் பக்கம் இப்படி இருந்தது:

4.30 எழுந்தது, அடுப்பு. 5.45 தண்ணீர் பிடித்தது. 6.50 பஸ் வரவில்லை. 7.20 பஸ், நின்றபடி. 8.25 கடை. 1.30 சாப்பாடு, பிறகு சும்மா இருந்தது. 6.15 பஸ்ஸுக்கு நின்றது. 7.40 வீடு. 8.00 சமையல், பாத்திரம். 9.15 புத்தகத்தைத் திறந்தது. 9.25 தூக்கம்.

படிப்பதற்கென்று அவள் ஒதுக்கியிருந்தது இரவு ஒன்பதேகால் மணியை. அதிகாலை நாலரைக்கு எழுந்த உடம்பு அந்த நேரத்தில் பத்து நிமிடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். தனக்கு மன உறுதி இல்லை என்று அதுவரை வருந்திக்கொண்டிருந்தவள், அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு வேறு விதமாகப் பேசினாள். நாளின் கடைசி மூச்சில் படிப்பை வைத்ததுதான் சிக்கல் என்பதும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு சும்மா கிடக்கிறது என்பதும் அவள் கையெழுத்திலேயே தெரிந்தன.

உங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: வேலையை விட்டு எழுந்தபோது உங்களைக் கூப்பிட்டது யார், எது? தொலைபேசியா, தம்பியா, அடுப்பா? பின்னால் இது உதவும்.

படி 2: துண்டுகளைத் தரம் பிரியுங்கள்

எல்லாத் துண்டும் எல்லா வேலைக்கும் உதவாது. ஒரு வாரக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, தலை தெளிவாக இருக்கும் நேரம். கணக்குப் போடுவது, கட்டுரை எழுதுவது, புரியாத பாடத்தைப் புரிந்துகொள்வது எல்லாம் இங்கேதான் வர வேண்டும். பலருக்கு இது நாளில் அரை மணிநேரம்கூடத் தேறாது. ஆகவே அதைத் தொலைபேசிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, பயண நேரம். ஹட்டன், நுவரெலியா, பதுளை வீதிகளின் வளைவுகளில் பஸ்ஸுக்குள் இருந்து வாசித்தால் தலை சுற்றும், வயிறு புரட்டும். நின்றுகொண்டு போகிறவருக்குக் கொப்பியைத் திறக்கவும் இடமில்லை. எனவே பயணத்துக்குக் காதைப் பயன்படுத்துங்கள். முதல் நாள் இரவு பாடக் குறிப்பை உங்கள் குரலிலேயே தொலைபேசியில் பதிந்து வைத்தால், மறுநாள் சிக்னல் இல்லாத வழியிலும் கேட்டுக்கொண்டு போகலாம். ரயிலில் போகிறவர்களுக்கு இருக்கை கிடைத்தால் வாசிக்கவும் முடியும்.

மூன்றாவது, சத்த நேரம். வீடு நிறைந்திருக்கும் மாலைப்பொழுது. குறிப்பை நகலெடுப்பது, நாளைய பையை அடுக்குவது, படிவம் நிரப்புவது போன்ற கைவேலைகளை இங்கே தள்ளுங்கள்.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நம் தோட்டங்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நான்கு மணிக்குத்தான் எழுகிறார்கள். சமைத்து, பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்குப் போகிற ஒரு பெண்ணிடம் இன்னும் முன்னதாக எழும்பு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தூக்கத்தில் இருந்து நேரத்தை வெட்டாதீர்கள். வெட்ட வேண்டுமானால் வீட்டு வேலையைப் பங்கு போடுங்கள். அண்ணனும் தம்பியும் பாத்திரம் கழுவினால் அக்காவுக்கு இருபது நிமிடம் கிடைக்கும்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். நனைந்து வீடு வருகிறவருக்கு மாலை ஒரு மணிநேரம் உடம்பைச் சூடாக்குவதிலேயே போய்விடும். பெப்ரவரியில் போட்ட அட்டவணையை ஜூனில் மாற்றாமல் வைத்திருந்தால் அது குலைவதில் வியப்பில்லை.

படி 3: ஒரே ஒரு பெரிய வேலை

அடுத்த மூன்று மாதத்துக்கு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலம், கணினி, பட்டம், தையல், அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சை என்று ஐந்தையும் தொட்டால் ஐந்தும் அரைகுறையாகும். எதை விடுவது என்று தெரியாவிட்டால், எதற்குக் கடைசித் திகதி முதலில் வருகிறதோ அதை எடுங்கள்.

பிறகு அதைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். “பொருளியல் படிப்பது” என்பது வேலை ஆகாது. “கேள்வி (தேவை), நிரம்பல் (வழங்கல்) பாடத்தில் முதல் இரண்டு வரைபடங்களைப் பார்க்காமல் வரைவது” என்பது வேலை.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்கிடும்போது எல்லோருமே குறைத்துத்தான் போடுவோம். கனடாவில் 1994இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், இளங்கலைச் சிறப்புப் பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரையை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அவர்களுக்குப் பெரும்பாலும் தனி மேசையும் நூலகமும் இருந்திருக்கும். ஆகவே உங்கள் மனதில் தோன்றும் கணக்கோடு குறைந்தது பாதியையாவது கூட்டுங்கள். பத்து நாள் என்று தோன்றினால் பதினைந்து என்று எழுதுங்கள்.

எப்போது, எங்கே, எதை என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரட்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நீண்டகாலம் ஆராய்ந்து காட்டிய முறை இது: செயலை ஒரு தருணத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால், அந்தத் தருணம் வந்ததும் செயலும் நினைவுக்கு வரும். அந்த மாணவியின் வாக்கியம்: “மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியை மூடியதும், கடையின் பின்படியில் உட்கார்ந்து, ஒரு பக்கம் வாசிப்பேன்.” “1.45க்கு” என்று அவள் எழுதவில்லை. கடையில் கூட்டம் இருந்தால் சாப்பாடு பிந்தும். ஆனால் பெட்டியை எப்படியும் மூடத்தான் வேண்டும்.

படி 4: மணி வைத்து உட்காருங்கள்

இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை மணி ஒன்றை வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற அவருடைய முறை இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. காம்பராவில் 25 நிமிடம் தொடர்ந்து கிடைப்பது அரிது. 15 நிமிடமாக வையுங்கள், குறைவில்லை. தொலைபேசியை விமானப் பயன்முறையில் போட்டாலும் அதிலுள்ள மணி அடிக்கும்.

வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். “அம்மா, மணி அடிக்கும்வரை கூப்பிடாதீர்கள், அடித்ததும் நானே வருகிறேன்” என்றால் பெரும்பாலான அம்மாமார் ஒத்துக்கொள்வார்கள். அடித்ததும் உண்மையிலேயே எழுந்து போக வேண்டும். அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் அடுத்த பதினைந்து நிமிடம் கிடைக்காது.

படி 5: ஒத்த மனதுள்ளவர்களைத் தேடுங்கள்

தோட்டம் தோட்டமாக அடைபட்டுக் கிடந்த நம் மக்களை ஒருவரோடொருவர் இணைக்கத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் பட்ட பாடு மலையகம் அறிந்தது. வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாத அந்தக் காலத்தில் புடவை வியாபாரியாக உள்ளே போனார், பத்திரிகை நடத்தினார், அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாடல்களால் மக்களைத் திரட்டினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கான தொழிற்சங்கம் உருவானதன் பின்னால் அத்தனை உழைப்பு இருக்கிறது. இன்று பொகவந்தலாவையில் இருப்பவரும் அப்புத்தளையில் இருப்பவரும் ஒரே நொடியில் பேசிக்கொள்ள முடிகிறது. அப்படிப்பட்ட வசதியைக் காலை வணக்கப் படங்களுக்கு மட்டும் செலவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

யாரைத் தேடுவது? ஒரே பாடம் படிப்பவரைத் தேட வேண்டியதில்லை. உயிரியல் படிக்கும் மாணவனும் தையல் பழகும் அக்காவும் ஒரே குழுவில் நன்றாக ஓடுவார்கள். பார்க்க வேண்டியவை மூன்று: ஓய்வு நேரம் ஒத்துவர வேண்டும், சுமை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், சொன்ன சொல்லைக் காப்பவராக இருக்க வேண்டும். கெட்டிக்காரத்தனம் கட்டாயமில்லை. பகலெல்லாம் ஓய்வாக இருப்பவரும் பத்து மணிநேரம் கடையில் நிற்பவரும் ஒரே குழுவில் இருந்தால், பின்னவர் ஒரு வாரத்தில் மனம் சோர்ந்து விலகிவிடுவார்.

எங்கே தேடுவது? பழைய வகுப்புத் தோழர்கள், பிரத்தியேக வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள், பிரதேச சபை நூலகத்தில் அடிக்கடி காண்பவர்கள். இணையத்தில் பாடக் குறிப்புகள் பகிரும் பேஸ்புக், டெலிகிராம் குழுக்களில் சில நாள் சும்மா இருந்து கவனியுங்கள். யார் தெளிவாகக் கேள்வி கேட்கிறார், பதில் கிடைத்ததும் யார் நன்றி சொல்கிறார் என்று பாருங்கள். அவர்களுக்குத் தனியாக எழுதுங்கள். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நம் இளைஞர்களை மறந்துவிடாதீர்கள். கடை மாடியில் தங்கி, பேச ஆளில்லாமல் இருப்பவர்கள் பலர். நம் நிலைமையை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதல் செய்தி எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒன்று:

“வணக்கம் அக்கா. பொருளியல் குழுவில் போன வாரம் நீங்கள் கேட்ட கேள்வியைப் பார்த்தேன். நானும் வேலை செய்துகொண்டுதான் படிக்கிறேன். காலையில் ‘இன்று இதைச் செய்வேன்’ என்று ஒரு வரி, இரவில் ‘செய்தேன்’ அல்லது ‘செய்யவில்லை’ என்று ஒரு வரி எழுத நாலு பேர் சேர நினைக்கிறோம். அரட்டை இல்லை. இரண்டு வாரம் செய்து பார்க்கலாமா அக்கா? சரிவராவிட்டால் தாராளமாக விலகிக்கொள்ளலாம்.”

அழைக்கப்படுபவரைக் கவனித்திருக்கிறீர்கள் என்பது இதில் தெரிகிறது, கேட்பது சிறியது, முடிவுத் திகதி இருக்கிறது. இந்த மூன்றும் இல்லாத அழைப்புக்குப் பெரும்பாலும் பதில் வராது.

நாலு முதல் ஆறு பேர் போதும். 1727இல் பெஞ்சமின் பிராங்ளின் பிலடெல்பியாவில் அமைத்த கற்றல் வட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் வெள்ளிக்கிழமை மாலைகளில் நேரில் கூடினார்கள். தொலைபேசியில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் நாலு பேர் எழுதுவார்கள், எட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

பாதுகாப்பு பற்றி, குறிப்பாகத் தங்கைமாருக்கு. வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் அங்குள்ள அனைவருக்கும் தெரியும். ஆகவே அறியாதவர் உங்களைக் குழுக்களில் சேர்க்க முடியாதபடி தனியுரிமை அமைப்பில் மாற்றிவிடுங்கள். தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டாம். “வீட்டில் இருந்தே உழைக்கலாம், முதலில் சிறு தொகை கட்டுங்கள்” என்று ஒருவர் தொடங்கினால் அன்றே அவரை நீக்குங்கள். ஆள் சேர்த்தால் பணம் என்னும் பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

படி 6: குழுவை நடத்துங்கள்

காலை வரியில் அளவு இருக்க வேண்டும். “இன்று படிப்பேன்” என்று எழுதினால் யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது, நீங்கள் உட்பட. “கடந்தகால வினாத்தாளில் முதல் மூன்று கேள்விகள், மத்தியானம்” என்று எழுதுங்கள். இரவு வரியில் செய்ததை எழுதுங்கள். செய்யாவிட்டால் குறுக்கே வந்தது எது என்றும் ஒரு சொல்.

செய்யாதவரைக் கண்டிக்கக் கூடாது. “ஏன் செய்யவில்லை?” என்ற கேள்வியைக் குழுவில் தடை செய்யுங்கள், “நாளைக்கு எவ்வளவு வைப்போம்?” என்று கேளுங்கள். நம் பிள்ளைகள் வீட்டிலும் பாடசாலையிலும் வேலைத்தலத்திலும் போதுமான அளவு ஏச்சு வாங்கிவிட்டார்கள். இன்னும் ஓர் இடம் அதற்குத் தேவையில்லை.

தமிழில் தட்டெழுதுவது சிரமமாக இருப்பவர் குரல் செய்தி அனுப்பலாம். அரை நிமிடக் குரல் செய்திக்கு ஆகும் டேட்டா மிகச் சொற்பம். காணொளியைத் தவிர்த்தால் ரீலோட் (தொலைபேசிக் கணக்கை நிரப்பும்) காசும் மிஞ்சும்.

வாரத்தில் ஒருநாள், ஞாயிறோ போயா (பௌர்ணமி) விடுமுறையோ, ஸூம் வழியாக ஒன்றாக உட்காருங்கள். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் இணைப்பு தானாக அறுந்துவிடும். அதை வசதியாக எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் 5 நிமிடம் ஆளுக்கொரு வரி, அடுத்த 25 நிமிடம் குரலையும் படத்தையும் அணைத்துவிட்டு அவரவர் வேலை, கடைசி 10 நிமிடம் பேச்சு. யாரும் எதுவும் கற்றுக்கொடுக்காத அந்த 25 நிமிடம்தான் எனக்குத் தெரிந்த குழுக்களில் எல்லோரும் விரும்பிக் காத்திருக்கும் நேரம். தனியாக உட்கார்ந்தால் எழும்பிவிடும் மனம், இன்னும் நாலு பேர் குனிந்து வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தால் இருந்துவிடுகிறது.

சிக்னல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாறை மீதும் மரத்தின் மீதும் ஏறி இணைய வகுப்புக் கேட்ட பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. ஆகவே அழைப்பை வாரத்துக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். மற்றதெல்லாம் எழுத்தாகவோ குரல் செய்தியாகவோ இருக்கட்டும். சிக்னல் கிடைக்கும்போது வந்து சேரும்.

ஒருவர் மூன்று நாள் எழுதவில்லை என்றால் குழுவில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். ஒருவர் மட்டும் தனியாக அழைத்துப் பேசுங்கள். ரீலோட் முடிந்திருக்கலாம், வீட்டில் யாருக்காவது சுகமில்லாமல் இருக்கலாம். கேட்கப்படாமல் விடுபட்டவர் திரும்பி வருவதில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் வருவார்.

படி 7: வாரம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்

தேயிலை நட்ட ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஒரு வாரம், பத்து நாளில் மீண்டும் அதே மலைக்கு வர வேண்டும். சுற்று பிந்தினால் கொழுந்து முற்றிவிடும். எடுப்பதும் கடினம், தூளும் தரம் குறையும். திட்டமும் அப்படித்தான். மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சிறு தாமதமாக இருந்தது கையால் கிள்ள முடியாத அளவுக்கு முற்றியிருக்கும்.

கொப்பியின் ஏழு பக்கங்களையும் புரட்டுங்கள். எந்தத் துண்டு நேரம் உண்மையில் உதவியது, எது பெயருக்கு மட்டும் இருந்தது, அடுத்த வாரம் தோட்டத்திலோ வீட்டிலோ என்ன வரப்போகிறது என்று பாருங்கள். பெயருக்கு இருந்த துண்டை அட்டவணையில் இருந்து நீக்கிவிடுங்கள். கால் மணிநேரத்தில் முடியும் வேலை.

படி 8: குலையும் வாரங்கள்

தோட்டத்து மாரியம்மன் திருவிழா வரும், மரண வீடு வரும், மின்சாரம் நிற்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் வாழ்கிறோம். அப்படிப்பட்ட வாரங்களுக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம், அல்லது ஒரு கேள்வி. முடிந்தால் அது, முடியாவிட்டால் இரவு வரியில் “இன்று திருவிழா” என்று எழுதினால் போதும்.

இதில் ஆறுதல் தரும் ஓர் ஆய்வு உண்டு. லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்டது. ஒரு புதிய செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை. 21 நாளில் எல்லாம் மாறிவிடும் என்று கேள்விப்பட்டு, 22ஆம் நாள் மனமுடைந்து போகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பெருமழை நாட்களில் திட்டம் முழுவதையும் ஒதுக்கிவையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால், காலை வரிக்குப் பதிலாக எல்லோரும் “பாதுகாப்பாக இருக்கிறேன்” என்ற ஒரே வரியை எழுதட்டும். எழுதாதவரை உடனே அழையுங்கள். அழைப்புக் கிடைக்காவிட்டால் அதே தோட்டத்தில் அறிந்த இன்னொருவரைக் கூப்பிடுங்கள். இதற்காகவே ஒவ்வொருவரும் வீட்டாரின் எண் ஒன்றைத் தொடக்கத்திலேயே குழுவில் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது.

குழு நன்றாக ஓடத் தொடங்கியதும் தோழிகளும் உறவினரும் சேரக் கேட்பார்கள். ஏழாவது ஆள் வரும்போது இரண்டாகப் பிரியுங்கள். பழைய குழுவில் இருந்த ஒருவர் முதல் இரண்டு வாரம் புதிய குழுவிலும் இருக்கட்டும். காலை வரியை எப்படி எழுதுவது, செய்யாதவரிடம் எப்படிப் பேசுவது என்று மற்றவர்கள் பார்த்துப் பழகிக்கொண்ட பிறகு அவர் விலகிக்கொள்ளலாம்.